முதல் ஏரோபாட்டிக் பைப்ளேன்: பிட்ஸை எப்படிக் கையாள்வது?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். ரேடியோவால் இயக்கும் தாழ்-இறக்கை ஃபோம் மாடல் விமானத்தில் லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (உருளல்), தலைகீழாகப் பறப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டது, அடுத்து 1.2 மீட்டர் அளவில் ஒரு பிட்ஸ் (சாகசப் பறப்புக்கான பைப்ளேன்) மாடல் வாங்கலாமா என்பது ஒன்று. பைப்ளேன் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை உள்ள விமானம்) என்றாலே இறங்கும்போது மூக்குக் குத்தும், தரையில் ஓடும்போது சுழன்று திரும்பிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா என்பது இன்னொன்று.

வாங்குங்கள். பயமுறுத்துவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒற்றை இறக்கை விமானத்தை இறக்கிய பழக்கத்திலேயே, த்ராட்டிலை (மோட்டார் வேகக் குச்சியை) முழுக்க மூடிவிட்டு அது மிதந்து வரும் என்று காத்திருப்பது. பிட்ஸ் மிதந்து வராது. த்ராட்டிலை மூடிய நொடியிலிருந்து அது வேகத்தை இழக்கிறது, அதுவும் நீங்கள் இதுவரை பழகிய எந்த விமானத்தையும்விட வேகமாக. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாவற்றையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஏன் அப்படி என்றால், இரண்டு இறக்கை இருப்பதால் இரண்டு மடங்கு தூக்குவிசை கிடைத்துவிடுவதில்லை. மேல் இறக்கையின் அடியில் அழுத்தம் கூட வேண்டும், கீழ் இறக்கையின் மேலே அழுத்தம் குறைய வேண்டும். இரண்டும் நடக்க வேண்டிய இடம் அந்த இரு இறக்கைகளுக்கும் நடுவில் இருக்கிற அதே காற்றுதான், அதனால் ஒன்று மற்றொன்றைக் கொஞ்சம் கெடுக்கிறது. அதோடு இறக்கை குட்டை, பக்கத் தூண்கள், கம்பிகள், முன்னால் அகலமான கௌலிங் (எஞ்சின் மூடி), மடக்க முடியாத சக்கரக் கால்கள் என்று காற்றைத் தடுக்கிற பொருள்கள் உடம்பு முழுக்க இருக்கின்றன. முழு அளவு பிட்ஸ் எஸ்-1எஸ் விமானத்தின் இறக்கை நீளமே 17 அடி 4 அங்குலம்தான், மூக்கிலிருந்து வால் வரை சுமார் பதினைந்தரை அடி. அவ்வளவு சின்ன உடம்பில் 180 குதிரைத்திறன் எஞ்சின். கர்டிஸ் பிட்ஸ் 1940களில் வரைந்த அந்தக் கட்டமைப்பில் பெட்டி ஸ்கெல்டன் அமெரிக்கப் பெண்கள் ஏரோபாட்டிக் பட்டம் வென்றார், 1972இல் அமெரிக்க அணி பிட்ஸ்களை வைத்து உலகப் போட்டியையே வென்றது. அந்தக் குட்டை உடம்பு தருகிற சுறுசுறுப்பும் அதே உடம்பு கேட்கிற கவனமும் மாடலிலும் அப்படியே வரும்.

சரி, இறங்குவதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கவலை அதுதான், மாடல்கள் அதிகம் உடைவதும் அங்கேதான்.

முதல் பறப்பிலேயே இறங்கப் போகும் முன் நல்ல உயரத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். காற்றை எதிர்த்து நேராக வைத்து த்ராட்டிலை மெல்ல மெல்லக் குறைத்து, எந்த அளவில் அது மூக்கைத் தூக்கச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் ஸ்டால் ஆகிறது (இறக்கை தூக்குவிசையை இழக்கிறது), ஸ்டால் ஆனதும் நேராக விழுகிறதா ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கால் பங்கு த்ராட்டிலில் வைத்து இறங்கு வேகம் எவ்வளவு என்று பாருங்கள். இறங்கும்போது உங்களுக்குத் தேவைப்படுகிற த்ராட்டில் கிட்டத்தட்ட அதுதான். மாடலுக்கு மாடல், ப்ராப்புக்கு ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி) இது மாறும், அதனால் இன்னொருவர் சொன்ன எண்ணை நம்பாமல் உங்கள் விமானத்திலேயே கண்டுபிடியுங்கள்.

இறங்கும்போது சுற்றுப்பாதையைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட, தாழ்ந்த அணுகுமுறை ஃபோம் டிரெய்னருக்கு நல்லது, பிட்ஸுக்குக் கூடாது. கடைசித் திருப்பம் முடிந்ததும் மூக்கு கொஞ்சம் கீழே பார்த்தபடி வரட்டும், கொஞ்சம் செங்குத்தான சரிவில், த்ராட்டில் திறந்தபடியே. வேகத்தை எலிவேட்டரால் (மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் பரப்பு) கட்டுப்படுத்துங்கள், எங்கே போய் இறங்கும் என்பதை த்ராட்டிலால் கட்டுப்படுத்துங்கள். எட்டாது போலிருந்தால் எலிவேட்டரை இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள், த்ராட்டிலை இரண்டு க்ளிக் கூட்டுங்கள். தரைக்கு மேல் ஒரு முழம் வந்ததும் மூக்கை மட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கொஞ்ச த்ராட்டிலோடேயே முன்சக்கரங்களைத் தொடவிடுங்கள். சக்கரம் தொட்டு உருள ஆரம்பித்த பிறகுதான் த்ராட்டிலை மூட வேண்டும், அதற்கு முன் இல்லை. தொட்டதும் எலிவேட்டரை இழுத்தால் மறுபடி எகிறும், அதனால் வால் தானாகக் கீழே வரும் வரை பொறுத்திருந்து அதற்கப்புறம் முழு எலிவேட்டர் கொடுத்து வாலைத் தரையில் அழுத்தி வையுங்கள். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் இறக்கம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்கு ஸ்டால் வேகத்தை ஒட்டி வர வேண்டும். விமானத்தோடு நன்றாகப் பழகிய பிறகு செய்யலாம்.

துள்ளினால்? ஒரு சின்னத் துள்ளல் என்றால் எலிவேட்டரைத் தொடாமல் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து அதை மறுபடி இறக்குங்கள். பெரிதாகத் துள்ளினால் யோசிக்காமல் சுற்றி வாருங்கள். ஆனால் குறைந்த வேகத்தில் த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளக் கூடாது, மோட்டாரின் முறுக்குவிசை குட்டை இறக்கையை இடப்பக்கம் சாய்த்துவிடும், அந்த வேகத்தில் எய்லரானுக்கு (உருளலைக் கட்டுப்படுத்தும் இறக்கைப் பரப்பு) அதைத் தடுக்கும் பலம் இருக்காது. ஒன்று, ஒன்றரை நொடி எடுத்து த்ராட்டிலைக் கூட்டுங்கள், கூடவே வலது ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பரப்பு). சுற்றி வருவதற்கு பேட்டரியில் மிச்சம் வேண்டும் என்பதால் டைமரை ஆரம்பத்தில் 4 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். இழுவை அதிகம் உள்ள விமானம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் மின்சாரம் தின்னும்.

மோட்டார் நடுவானில் நின்றால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உடனே மூக்கைக் கீழே தள்ளுங்கள், கிடைத்த இடத்தில் இறக்குங்கள். ஓடுபாதைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நீட்டப் பார்த்தால் ஸ்டால் ஆகிக் கல்லைப் போல விழும். பக்கத்துப் புதரில் மட்டமாக இறங்கிய பிட்ஸில் ஒரு சக்கரக் காலோ ஒரு ப்ராப்போ போகும், ஸ்டால் ஆகி விழுந்ததில் எல்லாமே போகும்.

மேலே ஏறுவது இதைவிட எளிது, ஆனால் அங்கேயும் பழக வேண்டியது ரடர். வால்சக்கர விமானத்தில் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் கொஞ்சம் திரும்பினாலும் அந்தத் திருப்பத்தை எடையே இன்னும் பெரிதாக்கும். தரையில் சுழன்று திரும்புவதாகச் சொன்னார்களே, அது இதுதான். பிட்ஸில் சக்கரங்கள் நெருக்கமாகவும் வால் குட்டையாகவும் இருப்பதால் இது சட்டென்று நடக்கும், சமயத்தில் கீழ் இறக்கையின் நுனி தரையில் உரசும். திருத்தம் சின்னதாக இருக்க வேண்டும், உடனே இருக்க வேண்டும். மேலே ஏறும்போது எலிவேட்டரைப் பாதி இழுத்து வைத்து வால்சக்கரத்துக்குப் பிடிப்புக் கொடுங்கள், த்ராட்டிலை மெல்லத் திறவுங்கள், வேகம் கூடக் கூட எலிவேட்டரை விட்டுக்கொண்டே வாருங்கள். ப்ராப் வழக்கமான திசையில் சுழன்றால் விமானம் இடப்பக்கம் இழுக்கும், அதற்கு வலது ரடர்; எய்லரானால் திருத்தப் பார்க்காதீர்கள். சக்கரங்கள் இணையாக, அல்லது முன்பக்கம் மிகக் கொஞ்சம் உள்ளே பார்த்தபடி இருக்கின்றனவா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வெளியே பார்த்தபடி இருந்தால் எவ்வளவு ரடர் பழகினாலும் தொல்லைதான். சக்கரம் மூழ்குகிற அளவு புல் உள்ள இடத்தில் இந்த விமானத்தைக் கொண்டுபோகாதீர்கள், குட்டை மூக்கும் உயர்ந்த மேல் இறக்கையும் சேர்ந்து குப்புறக் கவிழ்த்துவிடும். கெட்டியான மண்தரை அல்லது ஒட்ட வெட்டிய புல் போதும்.

இப்போது பறக்கும் முன் மேசையில் செய்ய வேண்டியவை. பலர் அவசரப்படுவது இங்கேதான்.

சிஜி, அதாவது எடை மையம். இரண்டு இறக்கைகளும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று இல்லை, மேல் இறக்கை முன்னால் தள்ளி இருக்கிறது, பிட்ஸில் மேல் இறக்கை பின்னோக்கி வளைந்தும் இருக்கிறது. அதனால் ஒற்றை இறக்கை விமானத்தில் செய்வதுபோல் ஏதோ ஒரு இடத்தில் அளந்து கால் பங்கில் குறி வைத்தால் தப்பாகிவிடும். கையேட்டில் தந்திருக்கிற அளவு எங்கிருந்து அளந்தது என்று முதலில் படியுங்கள்: மேல் இறக்கையின் நடுவில் முன்விளிம்பிலிருந்தா, நுனியிலிருந்தா, கீழ் இறக்கையிலிருந்தா. இதில் ஏற்படும் குழப்பத்தால் மட்டுமே முதல் பறப்பில் போன மாடல்கள் நிறைய. பேட்டரியை மாட்டி, பறக்கத் தயாரான நிலையில், மேல் இறக்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். பிட்ஸின் மூக்கு குட்டை என்பதால் வால் கனப்பதுதான் வழக்கம். பேட்டரியை முடிந்தவரை முன்னே தள்ளுங்கள், போதாவிட்டால் மூக்கில் ஈயம் வைக்கத் தயங்காதீர்கள். முதல் பறப்புக்குக் கையேட்டின் முன் எல்லையிலேயே வைத்து, பிறகு சில மில்லிமீட்டராகப் பின்னே நகர்த்துங்கள். ரொம்ப முன்னால் போனாலும் நல்லதில்லை, இறங்கும்போது எலிவேட்டர் போதாமல் மூக்கைத் தூக்க முடியாது.

இறக்கைகளின் கோணம். இரண்டு இறக்கைகளும் உடம்போடு சேரும் கோணத்தைக் கையேட்டோடு ஒப்பிட்டு, கோணமானி வைத்து இடதும் வலதும் பாருங்கள். முன்னால் தள்ளிய மேல் இறக்கை முதலில் ஸ்டால் ஆனால் மூக்கு தானாகக் கீழே இறங்கும், கீழ் இறக்கை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், அது பாதுகாப்பான குணம். மேல் இறக்கையைத் தாங்கும் தூண்களில் ஒரு திருகு சரியாக உட்காராமல் ஒரு பாகை மாறினால் இந்தக் குணம் கெட்டுவிடும், வேகத்துக்கு வேகம் ட்ரிம் (நேராகப் பறக்க வைக்கும் நுண் திருத்தம்) மாறிக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் நீங்கள் ரேடியோவில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் திருகுகளுக்கு எல்லாம் திருகுப் பசை போடுங்கள், ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பிகள் அழகுக்கா, சுமையைத் தாங்கவா என்றும் கையேட்டில் பாருங்கள். தாங்குவதற்கு என்றால் அவை இல்லாமல் ஒரு முறைகூடப் பறக்கக் கூடாது.

எய்லரான் நான்கு இருந்தால், மேலும் கீழும் இணைக்கும் குச்சியில் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. அந்த ஆட்டம்தான் வேகத்தில் அதிர்வாக மாறிக் கீலைப் பிய்க்கும்.

ரேடியோவில் இரண்டு ரேட் (குச்சியை அசைத்தால் பரப்பு எவ்வளவு அசைய வேண்டும் என்ற அளவு) போதும். இறக்கை குட்டை, எய்லரான் நான்கு, ஆகவே ரோல் மிக வேகமாக வரும். முதல் பறப்புக்குக் குறைந்த ரேட்டும் 30 சதவீதத்தை ஒட்டிய எக்ஸ்போவும் (குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) வையுங்கள். ஃபுட்டபா ரேடியோவில் நடுப்பகுதியை மென்மையாக்க எக்ஸ்போ மைனஸில் போக வேண்டும், ஸ்பெக்ட்ரமில் பிளஸ்ஸில் போக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் கவனியுங்கள், தப்பாகப் போட்டால் விமானம் கையில் நிற்காது. ரடருக்கு மட்டும் ரேட்டைக் குறைக்காதீர்கள், தரையில் அது முழுக்க வேண்டும். ஜைரோ (அசைவை உணர்ந்து தானே திருத்தும் கருவி) வைக்கலாமா என்றால் வைக்கலாம், ரடரில் குறிப்பாக உதவும், ஆனால் விமானத்தைக் கையால் அசைத்து ஒவ்வொரு பரப்பும் எதிர்த் திசையில் திருத்துகிறதா என்று தரையிலேயே உறுதிசெய்யுங்கள். திசையைப் பூட்டிப் பிடிக்கும் பயன்முறையை இறங்கும்போது அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதில் பைப்ளேன் ஒரு தண்டனை என்று நினைத்துவிடப் போகிறீர்கள். இல்லை. இறங்கும்போது தொல்லை தருகிற அதே இழுவைதான் வானத்தில் இதன் பெரிய பலம். செங்குத்தாகக் கீழே வரும்போது ஒற்றை இறக்கை விமானம் வேகம் பிடித்துக்கொண்டே போகும், பிட்ஸ் ஒரு அளவுக்கு மேல் போகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் லூப் வட்டமாக வரும், எல்லா உருவங்களும் கண்ணுக்கு நெருக்கமாக, நிதானமாக வரும். மாடல் விமான ஏரோபாட்டிக்ஸுக்கான சர்வதேச எஃப்3ஏ போட்டியில் நீளமும் இறக்கையும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள் என்று விதி. அந்த எல்லைக்குள் அதிக இறக்கைப் பரப்பும் சீரான வேகமும் கிடைப்பதால்தான் உயர்மட்டப் போட்டியாளர்கள் பலர் பைப்ளேனுக்கு மாறினார்கள். அவை பிட்ஸைப் போல் இருக்காது, நீண்ட மெலிந்த உடம்பு, ஆனால் அடிப்படைக் காரணம் இதேதான்.

லூப்புக்கு முழு த்ராட்டிலில் நுழையுங்கள், உச்சியில் எலிவேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இறங்கும் பாதியில் த்ராட்டிலைக் குறையுங்கள். உச்சியில் வேகம் குறையும் இடத்தில் விமானம் இடப்பக்கம் வழுகும், அங்கே வலது ரடர்.

நைஃப் எட்ஜில் (ஒரு இறக்கை நுனி தரையைப் பார்க்கப் பக்கவாட்டில் பறப்பது) பிட்ஸ் சொன்னபடி கேட்காது. உடம்பின் பக்கப்பரப்பு நன்றாகத் தாங்கும், ஆனால் ரடர் கொடுத்ததும் பெரும்பாலும் சக்கரங்கள் இருக்கும் பக்கம் வளையும், கூடவே கொஞ்சம் உருளவும் செய்யும். குச்சியால் திருத்தியபடியே பழகுங்கள், அப்புறம் ரடரிலிருந்து எலிவேட்டருக்கும் எய்லரானுக்கும் சின்ன மிக்ஸ் (ஒன்றை அசைத்தால் மற்றதும் தானாக அசையும் அமைப்பு), 5 சதவீதத்தில் ஆரம்பித்து, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

ஸ்நாப் ரோல் (இறக்கையை ஸ்டால் ஆக்கிச் சட்டென்று உருள்வது) செய்யத்தான் பலர் பிட்ஸ் வாங்குகிறார்கள், நியாயம்தான். குட்டை இறக்கையில் எடை எல்லாம் நடுவில் இருப்பதால் சட்டென்று சுழலும், சட்டென்று நிற்கும். முக்கால் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், எலிவேட்டரை இழுத்து, உடனே ரடரும் எய்லரானும் ஒரே பக்கம், சுழற்சி ஆரம்பித்ததும் எலிவேட்டரைப் பாதி விட்டுவிடுங்கள், முழுச் சுற்று முடிவதற்குக் கொஞ்சம் முன்பே எல்லாவற்றையும் நடுவுக்கு. முழு வேகத்தில் செய்யாதீர்கள், அந்தச் சுமையைத் தூண்களும் இறக்கைத் திருகுகளும் தாங்க வேண்டும்.

ஸ்பின்னில் (ஸ்டால் ஆகிச் சுழன்றபடி விழுவது) ஒரு விஷயம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாத ஸ்பின்னில் மாட்டினால் பதற்றத்தில் எய்லரானைத் தள்ளுவோம், த்ராட்டிலைக் கூட்டுவோம். இரண்டும் சுழற்சியைத் தட்டையாக்கும். முழு அளவு பிட்ஸ் விமானிகளிடம் பெக்ஸ்-மியூல்லர் முறை என்று ஒன்று உண்டு, ஜீன் பெக்ஸ், எரிக் மியூல்லர் இருவர் பெயரில்: த்ராட்டிலை மூடு, குச்சியிலிருந்து கையை எடு, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் முழு ரடர், நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவந்து மெல்ல மேலே இழு. சிஜி சரியாக இருக்கும் மாடலில் இது நன்றாக வேலை செய்யும். வேண்டுமென்றே ஸ்பின் செய்து, நல்ல உயரத்தில், இதைப் பழகிவிடுங்கள். சிஜி பின்னால் இருந்தால் இது மட்டுமில்லை, எதுவுமே வேலை செய்யாமல் போகலாம்.

பார்வை பற்றியும் ஒரு வார்த்தை. தூரத்தில் பைப்ளேன் மேல்பக்கமா அடிப்பக்கமா என்று தெரியாது, இரண்டிலும் இறக்கைதான். மேல் இறக்கையின் மேலே ஒரு வடிவம், கீழ் இறக்கையின் அடியில் முற்றிலும் வேறு நிறத்தில் கட்டமோ பட்டையோ ஒட்டிக்கொள்ளுங்கள். சின்ன மாடலுக்கு இது இன்னும் அவசியம்.

கடைசியாக, எதை வாங்குவது. 1.2 மீட்டர் நல்ல தேர்வு, அதற்குக் கீழே போகாதீர்கள். 80, 90 சென்டிமீட்டர் பிட்ஸ்கள் விலை குறைவு, ஆனால் காற்றில் அலைக்கழியும், எல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். பிட்ஸ் தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அல்டிமேட்டைப் பாருங்கள், கனடாவில் பிறந்த வடிவமைப்பு, இறக்கைகள் பின்னோக்கி வளையாதவை, அதனால் நைஃப் எட்ஜில் பிட்ஸைவிடப் பொதுவாகச் சொன்னபடி கேட்கும். ஜெர்மனியின் புக்கர் யுங்மைஸ்டர் பறப்பில் மென்மை, அழகு, ஆனால் முரட்டு உருவங்கள்தான் வேண்டும் என்றால் அது உங்களுக்கில்லை. எதுவானாலும் இழுவிசை எடையைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும், 2 கிலோ விமானத்துக்கு 3 கிலோ. இந்த விமானத்துக்கு உச்ச வேகம் தேவையில்லை, தள்ளும் பலம்தான் தேவை, ஆகவே ப்ராப்பில் விட்டம் பெரிதாக, பிட்ச் (இதழின் சாய்வு) குறைவாகத் தேர்ந்தெடுங்கள். மாற்றும்போது வாட் மீட்டர் வைத்து மோட்டாருக்கும் இஎஸ்சிக்கும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள ஆம்பியர் எல்லையைத் தாண்டவில்லை என்று பாருங்கள். இஎஸ்சியில் பிரேக் இருந்தால் அணைத்துவையுங்கள். பெரிய ப்ராப் சும்மா சுழல்வதே ஒரு தடுப்பு மாதிரி என்பதால், ப்ராப்பை மாற்றிய பிறகு வரும் முதல் இறக்கத்துக்கு முன் அந்தக் கால் பங்கு த்ராட்டில் சோதனையை உயரத்தில் மறுபடி ஒரு தடவை செய்துவிட்டு வாருங்கள்.